முதல் வருஷத்து மண்

பெரியவளைப் பற்றிக் குறை சொல்ல வேண்டும் என்றால் ஒன்றே ஒன்றுதான் சொல்ல முடியும். மற்றபடி கை சுத்தம், வாக்குச் சுத்தம். வேலை என்று இறங்கிவிட்டால் நாலு பேர் செய்வதை ஒருத்தியாகச் செய்து முடிப்பாள். அவள் கை வைத்த செடி பட்டுப்போனதாகச் சரித்திரம் இல்லை. அந்த ஒரே குறைக்குக் கை, கால், முகம் எல்லாம் உண்டு. அதற்குப் பெயர் சின்னவள்.

இருவரும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் பெரியவள், தம்பியைக் கட்டியவள் சின்னவள். மாமனார் அப்படிக் கூப்பிடப் போய் ஊரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டது. சின்னவள் வந்து சேர்வதற்கு முன் ஆறு வருஷம் பெரியவள் அந்த வீட்டின் ஒரே மருமகளாக ராஜ்ஜியம் பண்ணியவள். அந்த ஆறு வருஷத்தில் பொறாமை என்றால் கறுப்பா சிவப்பா என்று அவளுக்குத் தெரியாது என்பார் அவள் கணவர். சின்னவள் வந்த முதல் வாரம், கொடியில் காயப்போட்டிருந்த அவளுடைய துணிகள் தன் துணிகளைவிட வெளுப்பாக இருப்பதைப் பெரியவள் பார்த்தாள். அன்று பிடித்தது.

அதற்குப் பிறகு எதற்கென்று கணக்கில்லை. சின்னவளின் பிள்ளைக்கு ஏழாம் மாதமே பல் முளைத்தது. தன் பிள்ளைக்கு ஒன்பதாம் மாதம்தான் முளைத்தது என்று பெரியவள் பழைய சங்கதியைத் தோண்டி எடுத்து இரண்டு நாள் வருத்தப்பட்டாள். அந்தப் பிள்ளைக்கு அப்போது பால்பல்லே விழ ஆரம்பித்திருந்தது. அடுத்த வீட்டுக்காரிக்குப் பிள்ளை பிறந்ததென்று அம்மிக்குழவியை எடுத்து வயிற்றில் குத்திக்கொண்டாளாம் ஒருத்தி. பெரியவளுக்கு அடுத்த வீடுவரை போகும் சிரமம்கூட இல்லை, அடுத்த அறையிலேயே ஆள் இருந்தாள். இதில் பெரிய கொடுமை என்னவென்றால் சின்னவள் ஒருநாளும் பதிலுக்கு முறைத்ததில்லை. "பரவாயில்லக்கா" என்பாள். அந்த ஒரு சொல்லைக் கேட்டால் பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாமனார் குடிநீர் அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் மீட்டர் கணக்கெடுத்தவர். வீடு வீடாகப் போய்க் குனிந்து எண்ணைப் பார்த்து எழுதுவதுதான் வேலை. குனிந்து குனிந்தே முழங்கால் தேய்ந்தது. ஓய்வுக்குப் பிறகு, மறைந்துபோன மனைவியின் வழியில் வந்த நிலத்தைக் கவனிக்க ஆரம்பித்தார். மகன்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். மூத்தவர் லாரிப் பட்டறையில், இளையவர் ஒரு சரக்குக் கிடங்கில். ஆகவே மண்ணில் இறங்கியதெல்லாம் மருமகள்கள்தான். நிலத்தை மூன்றாக வகுத்து, நடுத்துண்டைத் தனக்கு வைத்துக்கொண்டு, மற்ற இரண்டுக்கும் சீட்டுக் குலுக்கிப் போட்டார். சின்னவளுக்குச் சாலையை ஒட்டிய பங்கு விழுந்தது. பெரியவளுக்கு நடுத்துண்டுக்குப் பின்னால் இருந்த பங்கு. சீட்டை எடுத்தது அவளுடைய சொந்தக் கைதான். இருந்தும் அவள் திட்டியது சின்னவளைத்தான்.

பின்பங்குக்குச் சாலை கிடையாது. மக்காச்சோளம் ஏற்றிய வண்டி நடுத்துண்டைக் கடந்து, அதன் ஓரமாக ஓடும் பொது வண்டிப்பாதைக்குத்தான் வெளியே வர வேண்டும். மாமனார் இருக்கும்வரை அதில் தகராறில்லை. ஆனால் நடுத்துண்டு யார் கைக்குப் போகிறதோ அவள்தான் நாளைக்குப் பெரியவளுக்கு வழி விட வேண்டியவள். பெரியவளுக்கு இது தூக்கத்திலும் தெரியும். அதனால்தான், ஒருநாள் மாமனார் இரண்டு துணிப்பைகளோடு வந்து உட்கார்ந்து, என் முழங்கால் இனி வரப்பேறாது, நடுத்துண்டைப் பிரித்தால் ஆளுக்கொரு கைக்குட்டைதான் தேறும், முழுசாக ஒருத்திக்கே எழுதப்போகிறேன் என்று சொன்னபோது அவள் இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள். எந்த மருமகள் மண்ணை நன்றாக வைத்திருக்கிறாள் என்பதை மண் பரிசோதனைக்கூடம் சொல்லட்டும், எனக்கு இரண்டு மருமகள்களும் ஒன்றுதான் என்றார். ஆளுக்கொரு பையும் ஒரு காகிதமும் கொடுத்தார்.

மண் எடுப்பது எப்படி என்று காகிதத்தில் அச்சடித்திருந்தது. வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பதினைந்து இடத்தில் எடுக்க வேண்டும். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு அரையடி ஆழத்துக்கு மண்வெட்டியால் சரிவாக வெட்டி, குழியின் பக்கத்திலிருந்து விரல் கனத்துக்கு மண்ணைச் சீவ வேண்டும். எல்லாவற்றையும் சாக்கில் கொட்டிக் கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பாகங்களைத் தள்ளி, மறுபடி கலந்து மறுபடி பிரித்து, கடைசியில் மிஞ்சும் அரைக் கிலோவை நிழலில் உலர்த்திப் பையில் போட வேண்டும். வரப்போரம், மரத்தடி, எரு கொட்டிய இடம், மாடு கட்டிய இடம் ஆகியவற்றில் எடுக்கவே கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. பெரியவள் அதை இரண்டு தடவை படித்தாள். படித்ததால்தான் அவளுக்கு அந்த யோசனையே வந்தது.

முதலில் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தாள். வயலின் நடுவில் மண்வெட்டியை ஓங்கிப் போட்டாள். செங்கல் மாதிரி ஒரு கட்டி வெளுத்துப்போய்ப் பெயர்ந்து வந்தது. நிமிர்ந்து பார்த்தாள். தூரத்தில் சின்னவள் சாக்கை விரித்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி காகிதத்தைப் பார்த்துப் பார்த்து மண்ணைக் கலந்துகொண்டிருந்தாள். அந்தக் குவியல் இங்கிருந்து பார்க்கவே கறுப்பாக இருந்தது. நிழல் விழுந்ததால்கூட இருக்கலாம். ஆனால் அந்த வயிற்றெரிச்சலில் நிழலையும் மண்ணையும் யார் பிரித்துப் பார்ப்பார்கள்? பெரியவள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே வயலின் மூலைக்குப் போனாள். முன்பு நிலத்தைக் குத்தகைக்கு வைத்திருந்தவர் பதினைந்து வருஷம் மாடு கட்டிய மூலை அது. மண் தேயிலைத்தூள் மாதிரி உதிர்ந்தது. சாக்கைப் பிடித்துக்கொண்டிருந்த கணவர், இங்கேயா எடுப்பது என்று கேட்டார். இதுவும் நம்ம நிலம்தானே என்று அவர் வாயை அடைத்தாள்.

மூன்று வாரத்தில் அட்டைகள் வந்தன. மண்ணின் உயிர் அதிலுள்ள கரிமச் சத்தில்தான் இருக்கிறது, மக்கிய இலையும் வேரும் எருவும் சேர்ந்து மண்ணுக்குக் கொடுக்கும் சத்து அது என்று பரிசோதனைக்கூடத்துக்காரர் மாமனாருக்கு ஏற்கெனவே விளக்கியிருந்தார். சின்னவளின் அட்டையில் அது நூற்றுக்கு 0.43. பெரியவளின் அட்டையில் 0.94. ஒன்றுக்கு இரண்டு மடங்கு! கல்யாணமான நாளிலிருந்து பெரியவள் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள், சின்னவளுக்கு முதலில் கொடுத்தாள். இவ்வளவு வித்தியாசம் வருமென்று நினைக்கவில்லை என்று இரக்கமாக வேறு சொன்னாள். சின்னவளின் முகம் சுருங்கியது. பார்க்கக் கண் கோடி வேண்டும் போலிருந்தது பெரியவளுக்கு.

மாமனார் டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"முதல் ரீடிங்ல யாருக்கும் பெருமையும் இல்ல, கேவலமும் இல்ல. அது மீட்டர் ஆரம்பிச்ச இடம், அவ்வளவுதான். வருஷா வருஷம் அறுவடை முடிஞ்சதும் மண் அனுப்புங்க. மூணாவது வருஷம் பாப்பேன். எவ மண்ணு ஏறியிருக்கோ அவளுக்கு நடுத்துண்டு."

பெரியவள் தன் அட்டையை மறுபடி எடுத்துப் பார்த்தாள். மீட்டர்காரரிடம் போய் இதை யோசிக்காமல் விட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஏணியின் உச்சிப்படியில் ஏறி நின்றுகொண்டு இனி மேலே ஏறு என்றால் எங்கே ஏறுவது? அன்றைக்கே மாமனாரிடம் போய், தப்பு நடந்துவிட்டது, வேறு மண் எடுத்து அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். அவளும் சொல்லத்தான் கிளம்பினாள். கூடத்தில் சின்னவள் மாமனாருக்கு முழங்கால் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இவள் வாயைத் திறந்தால் அவள் காதிலும் விழும். விழுந்தால் தலையைச் சாய்த்து "பரவாயில்லக்கா" என்பாள். பெரியவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குத் திரும்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் செய்த வேலை இருக்கிறதே, அதை யாரும் மறுக்க முடியாது. பொய்யை உண்மையாக்கிவிட வேண்டும் என்ற வெறி. வயல் முழுவதையும் அந்த மூலை மாதிரி ஆக்கிவிட்டால் யாருக்கு என்ன தெரியும்? அறுவடை முடிந்ததும் சோளத்தாளைக் கொளுத்துகிற வழக்கத்தை நிறுத்தினாள். தட்டைகளைத் துண்டு துண்டாக நறுக்கி மண்ணின் மேலேயே பரப்பினாள். பசுந்தாள் உரத்துக்காகச் சணப்பை விதைத்து, பூக்கும் நேரத்தில் மனசு வராவிட்டாலும் மடக்கி உழுதாள். ஊரிலுள்ள காய்கறிக் கடைகளில் கழிவை வாங்கிவந்து குழியில் மக்கவைத்துக் கூடை கூடையாகச் சுமந்தாள். ஈர மண்ணில் டிராக்டரை இறக்கவந்த ஓட்டுநரை வரப்பிலேயே நிறுத்தி, மண் காய்ந்த பிறகு வா என்று விரட்டினாள். ஒவ்வொரு கூடையைக் கொட்டும்போதும் நடுத்துண்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பார்வை. அவள் இரண்டு கூடை சுமந்தால் இவள் மூன்று. மண் எப்படி மாறுகிறது என்று பெரியவள் ஒருநாளும் அளந்து பார்க்கவில்லை. அவளிடம் இருந்த ஒரே அளவுகோல் சின்னவள்தான்.

இரண்டாம் வருஷம் மண் அனுப்பும் நேரம் வந்தது. வயலிலிருந்து எடுக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. மறுபடி மூலைக்கே போனாள். போதாக்குறைக்கு மக்கிய எருவில் இரண்டு பிடியைப் பையில் கலந்தாள். பத்து நாளில் பை திரும்பி வந்தது. மண் அனுப்பவும், எரு வேண்டாம் என்று ஒரு துண்டுச் சீட்டு அதில் ஒட்டியிருந்தது. நல்லவேளை, தபாலை வாங்கியது அவள் கணவர். அவர் அதைப் பட்டறைச் சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, உனக்கு இது தேவையா என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தார். மூலையின் மண்ணை மட்டும் தனியாக அனுப்பினாள். உழுது கிளறியதில் அந்த மூலையும் கொஞ்சம் இளைத்திருந்தது. 0.88 வந்தது. சின்னவளுக்கு 0.47. ஒரு துளிதான் ஏற்றம், ஆனாலும் ஏற்றம் ஏற்றம்தான். பெரியவள் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் வருஷம் மாமனார், கடைசி ரீடிங்கை ஆள் வந்து எடுப்பதுதான் முறை என்று சொல்லிப் பரிசோதனைக்கூடத்துக்காரரையே வரவழைத்தார். ஊரில் அவரை மண் டாக்டர் என்பார்கள். முதலில் சின்னவளின் வயலில் எடுத்துவிட்டுப் பெரியவளின் வயலுக்கு வந்தார். மண்வெட்டி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. அவர் ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் வைத்து அமுக்கி, உதிர்த்து, மோந்து பார்த்தார். இந்தப் பக்கத்தில் இப்படியொரு மண்ணைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று என்றார். பெரியவளுக்கு ஒரு நிமிஷம் உச்சி குளிர்ந்தது. மறுநிமிஷம் கண்ணில் நீர் முட்டியது. எவ்வளவு நல்ல மண்ணாக இருந்தாலும் அந்தப் பாழாய்ப்போன மூலையைத் தாண்டாது என்று அவளுக்குத் தெரியும்.

அட்டைகள் தயாரானதும் மண் டாக்டரே எடுத்துக்கொண்டு வந்தார். மாமனாரின் அறையில், மருந்துப் புட்டிகளை ஒதுக்கிவிட்டு, மேஜைமேல் ஆறு அட்டைகளையும் வரிசையாக வைத்தார்கள். மகன்கள் இருவரும் கதவருகில் நின்றார்கள். மாமனார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பழைய பழக்கத்தில் குனிந்து பார்த்தார். சின்னவளுக்கு 0.43, 0.47, 0.54. பெரியவளுக்கு 0.94, 0.88, 0.61.

அவர் ஆறு எண்களையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு, பொன்னு மாதிரி இருந்த மண்ணை மூன்று வருஷத்தில் இப்படி இறக்கிவிட்டாயே என்று பெரியவளைப் பார்த்து வருத்தமாகக் கேட்டார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். சுமந்த கூடைகள், மடக்கி உழுத சணப்பை, தேய்ந்த உள்ளங்கை எல்லாம் ஒன்றுசேர்ந்து அவள் கண்முன் வந்து போயின. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாமனார் நடுத்துண்டின் மோட்டார் அறைச் சாவியை எடுத்துச் சின்னவளிடம் நீட்டினார்.

சின்னவள் சாவியை வாங்கவில்லை. தன் அறைக்குப் போய், பிள்ளையின் பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தாள்.

"அட்டை தப்பு மாமா. அக்கா வயல் முதல் வருஷம் இப்படி இல்ல. நான் தோண்டிப் பாத்திருக்கேன்."

நோட்டில் தேதி போட்டு எழுதியிருந்தது. ஒவ்வொரு வருஷமும் அறுவடை முடிந்தபின், மதியம் பெரியவள் வீட்டில் கண்ணயரும் நேரத்தில் சின்னவள் நடுத்துண்டைத் தாண்டி வந்திருக்கிறாள். பெரியவளின் வயலில் ஐந்து இடத்தில் ஓரடிச் சதுரமாக மண்ணைப் பெயர்த்து மண்புழுக்களை எண்ணியிருக்கிறாள். இரண்டு பக்கமும் வெட்டிய தகர டப்பாவை மண்ணில் பாதி இறக்கி, ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி, அது உள்ளே இறங்க எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பார்த்திருக்கிறாள். முதல் வருஷம் ஒரு சதுரத்துக்கு இரண்டு புழு, ஐம்பத்திரண்டு நிமிஷம். இரண்டாம் வருஷம் எட்டுப் புழு, இருபத்தாறு நிமிஷம். இந்த வருஷம் பதினேழு புழு, ஒன்பது நிமிஷம். பக்கத்திலேயே தன் வயலின் கணக்கும் எழுதியிருந்தாள். அங்கே ஐந்து புழு பதினொன்றாகியிருந்தது.

எதற்காக அடுத்தவள் வயலைப் போய் அளந்தாய் என்று மாமனார் கேட்டார். சின்னவள் பெரியவளைப் பார்க்காமல் சொன்னாள்.

"பொறாமைதான் மாமா. அக்கா கை வெச்சா எல்லாமே வருது. நான் என்ன செஞ்சாலும் அவங்களுக்கு ஒரு படி கீழதான் நிக்கிறேன். என்னதான் செய்றாங்கன்னு பாக்கத்தான் போனேன்."

பன்னிரண்டு வருஷமாகப் பெரியவள் கேட்க ஏங்கிய வார்த்தை அது. அவள்! தன்னைப் பார்த்து! பொறாமை! பெரியவளின் உடம்பெல்லாம் ஒரு தடவை சிலிர்த்தது. அந்தச் சந்தோஷம் முழுசாக நெஞ்சுக்குள் இறங்குவதற்குள் வேறொன்று முந்திக்கொண்டது. இந்த உண்மையைச் சொல்லியிருக்க வேண்டியது யார்? சொல்லிவிட்டு நிமிர்ந்து நிற்பது யார்? வெளுத்த துணி போகட்டும், பிள்ளையின் பல் போகட்டும், நேர்மையில்கூட இவளே முந்திக்கொண்டாளே என்று பெரியவளுக்கு அடிவயிறு எரிந்தது. மாமனார் சின்னவளைப் பார்த்த பார்வையில் இருந்த மதிப்பை அவள் கவனித்தாள். கைக்கு வந்த சாவியை வேண்டாம் என்று சொன்னவளை வேறு எப்படிப் பார்ப்பார்?

மண் டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். இதெல்லாம் சரியான சோதனைதான், மண் நன்றாக இருந்தால் புழு கூடும், தண்ணீர் சீக்கிரம் இறங்கும், மூலையிலோ எரு கிடந்த இடத்திலோ மண் எடுத்திருந்தால் முதல் அட்டை இப்படி ஏமாற்றியிருக்கலாம் என்றார். அப்படியென்றால் மூன்று வருஷத்தில் அதிகம் ஏறியது பெரியவளின் மண்தான் என்றும் சொன்னார். மாமனார் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் பெரியவளின் பக்கம் திரும்பினார்.

"நீயே சொல்லும்மா. முதல் வருஷம் மண்ணை எங்கேர்ந்து எடுத்தே?"

ஒரு வார்த்தை போதும். மாட்டு மூலை என்றால் சாவி அவளுடையது. கணவர் கதவருகிலிருந்து, சொல்லித் தொலையேன் என்பதுபோல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவள் வாயைத் திறந்தாள். எதிரே சின்னவள் நின்றிருந்தாள். தலையை லேசாகச் சாய்த்திருந்தாள். அந்த முகத்தில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. பரவாயில்லக்கா, சொல்லுங்க என்று இருந்தது.

"வயல்லேர்ந்துதான் மாமா," என்றாள் பெரியவள். "பதினஞ்சு இடத்துல எடுத்தேன். அட்டையில இருக்கறதுதான் சரி. அவ எண்ணினதுதான் தப்பு."

மாமனார் இன்னொரு தடவை கேட்டார். அவள் இன்னொரு தடவையும் அதையே சொன்னாள். அவர் நோட்டை மூடிச் சின்னவளிடம் திருப்பிக் கொடுத்தார், அதன் மேலேயே சாவியையும் வைத்தார். அவர் மீட்டர்காரர். சம்பந்தப்பட்டவளே எண் சரி என்று சொன்ன பிறகு அவருக்கு அதற்குமேல் கேள்வி இல்லை.

அன்று சாயங்காலம் பெரியவள் வயலுக்குக் கிளம்பினாள். கணவரும் கூடவே வந்தார். நடுத்துண்டின் வண்டித்தடம் வழியாக இருவரும் நடந்தார்கள். பாதித் தூரம்வரை அவர் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் முடியவில்லை. மூன்று வருஷம் முதுகு ஒடிய உழைத்தாய், உண்மையைச் சொல்லியிருந்தால் உனக்குத்தானே வந்திருக்கும், உன் மூக்கை அறுத்துக்கொண்டு அவளுக்குச் சகுனத்தடை பண்ணினாய் என்று பார்த்தால் அவளுக்கு எந்தத் தடையும் ஆகவில்லையே, எதற்கு இப்படிச் செய்தாய் என்று கேட்டார்.

"அவ குடுத்து நான் வாங்கணுமா?" என்றாள் பெரியவள்.

சொல்லும்போது அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கணவர் காலடியில் இருந்த வண்டித்தடத்தைப் பார்த்தார்.

"சரி. அப்போ இந்த வழிய யார்கிட்ட கேட்டு வாங்குவே?"

பெரியவள் நின்றுவிட்டாள். மூன்று வருஷமாகத் தூக்கத்திலும் மறக்காத அந்த விஷயம், மாமனாரின் அறையில் சின்னவளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில் மட்டும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. பின்னால் யாரோ நடந்து வரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே யார் என்று தெரிந்தது. மோட்டார் அறையைத் திறந்து பார்க்கச் சின்னவள் வந்துகொண்டிருந்தாள். பெரியவள் தடத்தைவிட்டு ஓரமாக ஒதுங்கி, அவளுக்கு வழி விட்டாள்.